ப்யோ வீட்டுக் கூரைமேல் நீலத் தார்ப்பாய்

கொரியாவின் பூசான் நகரத்தின் பின்பக்கம், வீட்டுத் தலைமேல் வீடாக ஏறிப் போகிற அந்த மலைக் குடியிருப்புக்குக் கும்றேதான் தலைவி. பெரிய பதவியென்று நினைத்துவிட வேண்டாம். சாக்கடை அடைத்தாலும் சரி, புருஷன் பெண்டாட்டி சண்டை என்றாலும் சரி, முதலில் அவள் கதவைத் தட்டுவார்கள். அவ்வளவுதான்.

பின்தங்கிய குடியிருப்புகளைச் சீர்படுத்த அரசாங்கம் பணம் தரப்போகிறது என்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கைப்பிடி வைத்த படிக்கட்டு. பனிக்காலத்தில் மண்பாதை உறைந்து கண்ணாடியாகிவிடும். கிழடுகள் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது வருஷா வருஷம் நடக்கிற சடங்கு. ஆனால் அடுத்த மலைக்காரர்களும் மனுப் போட்டிருந்தார்கள். அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். எந்த மலை அதிகப் பரிதாபமோ அதற்குத்தான் பணம். அழகிப் போட்டியைத் தலைகீழாக நடத்துகிற மாதிரி.

இங்கேதான் ப்யோவின் கூரை குறுக்கே வந்தது. ப்யோ, கப்பல் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. முழங்கால் தேய்ந்துபோன மனுஷன், அந்தக் காலோடு ஏறி நின்று தன் கையாலேயே புதுத் தகடு போட்டிருந்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "ஒரு சொட்டு எறங்கட்டும் பாப்போம்!" என்பார்.

"தலைவரம்மா, மலையேறுனா மொதல்ல கண்ணுல படுறதே அந்தக் கூரைதான்," என்றாள் பெட்டிக்கடை மால்ஸுன். "அது மினுங்குற மினுங்கலுக்கு நமக்குப் படிக்கட்டா குடுப்பாங்க? வரி போட்டுட்டுப் போவாங்க."

அதிகாரிகள் வந்த அன்று ப்யோ மகளைப் பார்க்க சியோலுக்குப் போயிருந்தார். கும்றே ஏணி போட்டு ஏறினாள். பழைய நீலத் தார்ப்பாயைக் கூரைமேல் விரித்து, காற்றில் பறக்காமல் கிழிந்த டயர்களைத் தூக்கி வைத்தாள். வாசலில் அடுப்புச் சாம்பலைக் கொட்டினாள். அதிகாரி படம் எடுத்துக்கொண்டே, "இங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"கால் முடியாத ஒரு பெரியவருங்க. தனியா. மழ பேஞ்சா சட்டி வச்சிட்டு உக்காந்திருப்பாரு பாவம்."

அதில் முழங்காலும் தனிமையும் மட்டும் நிஜம். சாயங்காலமே தார்ப்பாயைச் சுருட்டி, டயரையும் சாம்பலையும் அப்புறப்படுத்திவிட்டாள். ப்யோவுக்கு ஒன்றும் தெரியாது.

பணம் வந்தது, படிக்கட்டும் வந்தது. திறப்பு விழாவன்று படியடியில் அதிகாரிகள் ஒரு பெரிய பலகையையும் நட்டுவிட்டுப் போனார்கள். அதில் இரண்டு படங்கள்: மேலே 'முன்பு', கீழே 'இன்று'. இன்றுக்குப் படிக்கட்டு. முன்புக்கு ப்யோவின் வீடு, தார்ப்பாயும் டயரும் சாம்பலுமாக.

அன்றைக்குப் பார்த்து ப்யோவின் மகள், கல்யாணம் பேசியிருந்த வீட்டாரை முதன்முதலாக அழைத்து வந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பலகை முன்னால் நின்றாள். மேலே நிமிர்ந்து அதே வீட்டைப் பார்த்தாள். ப்யோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க சம்பந்தி!" என்று கண் கலங்கினாள்.

ப்யோ கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கூரையைக் காட்டவில்லை. கும்றேவை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பாள்.

மறுநாள் முதல் அவர் படிக்கட்டுப் பக்கமே வரவில்லை. பின்னாலிருந்த மண்பாதையில், காலை இழுத்து இழுத்து இறங்கினார். பனி விழுந்தது. ஒருநாள் கும்றே எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, வழுக்குதுண்ணே. உங்க காலுக்காகத்தானே படி கேட்டேன்..."

"அது கஷ்டப்பட்டவங்க ஏறுற படி, தலைவரம்மா. என் கூரைதான் ஒழுகலையே."

அவள் முகம் காந்தியது. அதே தார்ப்பாயைத் தேடி எடுத்து, பலகையை மூடி இறுக்கிக் கட்டினாள். மறுநாள் அலுவலகத்திலிருந்து போன்.

"என்னம்மா, அரசாங்கப் பலகைய மூடி வச்சிருக்கீங்களாமே?"

"அதுல இருக்கறது பொய்ங்க. அந்தக் கூரை ஒழுகவே இல்ல. நான்தான் அன்னிக்கி தார்ப்பாய் போட்டு மூடினேன்."

எதிர்முனை குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அம்மா, இத நான் கேக்கல. நீங்களும் சொல்லல," என்று போனை வைத்துவிட்டது.

கும்றே ஜன்னல் வழியே பார்த்தாள். படிக்கட்டு காலியாக இருந்தது. ப்யோ மண்பாதையில், செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்.