படுக்க வைத்த பெட்டி

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். உடைந்த கண்ணாடிச் சாமான்களை நோட்டில் எழுதுவது, தீர்ந்துபோன மருந்துகளைக் கடலூரில் போய் வாங்கி வருவது, இவைதான் என் வேலை. நான் சொல்லப் போவது 2006-ஆம் வருடம் மழைக்காலத்தில் நடந்தது.

அன்று காலை கடலூரில் இரண்டு சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. விடுதிக்கு அரிசி மூட்டைகள், ஆய்வகத்துக்கு ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வைக்கோல் சுற்றிய நான்கு கண்ணாடி பாட்டில்கள் இருந்தன. நான்கிலும் கந்தக அமிலம். வழக்கமாகப் பெட்டிக்குத் தனி வண்டி பிடிப்போம். அன்று மழை வரும் போலிருந்ததால், அரிசி ஏற்றிய டெம்போவிலேயே இதையும் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

டெம்போக்காரர் கடலூர் ஓல்டு டவுன்காரர். நாற்பது வயதிருக்கும். ஓட்டுவதும் அவரே, ஏற்றி இறக்குவதும் அவரே. மூட்டைகளுக்கு மேல் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தார்ப்பாய் எட்டவில்லை.

"இது நிக்கிற மாதிரி இருந்தா பாய் மூடாதும்மா. அரிசி நனைஞ்சிரும். படுக்க வச்சுக் கட்டிரட்டா?"

பெட்டியின் பக்கவாட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி சிவப்பு மையில் பெரிதாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், "சரிண்ணே, அசையாம இறுக்கிக் கட்டுங்க" என்றேன்.

"உள்ள என்னாம்மா?"

"காலேஜ் சாமான்" என்றேன்.

அவர் கயிற்றைக் காலால் உதைத்து இழுத்து, முடிச்சு மேல் முடிச்சு போட்டார். பெட்டியை ஆட்டிப் பார்த்தேன், நகரவில்லை. நிம்மதியாக பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் குலுங்கியபோதுகூட, நல்லவேளை இறுக்கிக் கட்டச் சொன்னோம் என்றுதான் நினைத்தேன்.

நான் கல்லூரிக்குப் போனபோது டெம்போ முன்னதாகவே வந்திருந்தது. விடுதி முதலில் வருவதால் மூட்டைகளை அங்கே இறக்கிவிட்டு, பெட்டியை ஆய்வக வாசலில் நிமிர்த்தி வைத்திருந்தார். வண்டியைக் கேட் பக்கம் கொண்டு போய் நிறுத்தியிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார்.

பெட்டியைத் திறந்தேன். ஒரு மூலையில் வைக்கோல் கருகிக் கிடந்தது, அடுப்பிலிருந்து அள்ளிப் போட்டது போல. அந்த மூலையில் இருந்த பாட்டில் உடையவில்லை. மூடி மட்டும் தளர்ந்திருந்தது. அடியில் நாலு விரல் உயரத்துக்குத்தான் அமிலம் மிச்சம் இருந்தது. பெட்டியின் பலகை இடுக்குகள் கருத்திருந்தன.

மீதி எங்கே போயிற்று என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் உடனே தெரிந்தது. பெட்டிக்கு அடியில் இருந்தது அரிசி. மேசையில் கிடந்த லிட்மஸ் தாளை எடுத்துக்கொண்டு விடுதிச் சமையலறைக்கு ஓடினேன். மழையில் செருப்பு வழுக்கியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

சமையற்கார அக்கா பெரிய அண்டாவில் சோறு கிண்டிக்கொண்டிருந்தார். "அக்கா, இன்னிக்கு வந்த மூட்டைல எடுத்தீங்களா?"

"ஆமாம். ஒரு மூட்டை பிரிச்சேன். ஒரு ஓரமா ஈரமா, கருப்பா இருந்துச்சு. மழையில நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னு அத விட்டுட்டு இந்தப் பக்கம் அள்ளிப் போட்டேன். ஏன்?"

சுவரோரம் அந்த மூட்டை நின்றது. அக்கா அதன் மூலையைப் பிடித்து இழுக்கப் போனபோது, "தொடாதீங்க!" என்று கத்தினேன். துடைப்பக் கட்டையால் தொட்டேன். சணல் அப்படியே உதிர்ந்தது. உள்ளே அரிசி தார் போலக் கட்டியாக இருந்தது.

"ஆசிட்டுக்கா" என்றேன்.

அக்கா கரண்டியைக் கீழே போட்டார். கொதிக்கிற கஞ்சியை ஒரு தட்டில் ஊற்றித் தாளை நனைத்தேன். அமிலம் இருந்தால் சிவந்திருக்கும், நீலம் நீலமாகவே இருந்தது. மூச்சு வந்தது. "இதுல கலக்கல போல" என்றேன்.

"உன் தாள் என்னா வேணா சொல்லட்டும். இத்தினி புள்ளைங்க சாப்புடுற சோறு. நான் கொட்றேன்" என்று அடுப்பை அணைத்தார். அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, அந்த மூட்டைய அவரு தோள்லதான தூக்கியாந்தாரு?"

அந்த நிமிடம் வரை அந்த மனிதர் என் நினைவிலேயே இல்லை. அரிசியைப் பற்றி யோசித்தேன், பிள்ளைகளைப் பற்றி யோசித்தேன், என் வேலையைப் பற்றிக்கூட யோசித்தேன். தூக்கியவரைப் பற்றி யோசிக்கவில்லை.

இருவரும் கேட்டுக்கு ஓடினோம். டெம்போவின் முன்சீட்டில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, வலது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்குத் தூசிம்மா. அரிப்பு ஜாஸ்தியா இருக்கு. இப்ப எரியுது வேற."

தோளில் போட்டிருந்த மடித்த கோணியைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கத்தைக் காணோம். காக்கிச் சட்டையின் தோளைப் பிடித்தேன். துணி என் விரலில் சருகு மாதிரி நொறுங்கி வந்தது. உள்ளே நான் பார்த்ததை இன்றும் சொல்ல வரவில்லை. அது தோலின் நிறமாக இல்லை.

அக்காதான் முதலில் அசைந்தார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் உட்கார வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். நானும் ஊற்றினேன். ஆட்டோ வரும் வரை நிறுத்தவில்லை. அவர் நடுங்கிக்கொண்டே கேட்டார்.

"என்னாம்மா இருந்துச்சு அதுல?"

"ஆசிட்டுண்ணே."

அவர் கத்தவில்லை. தண்ணீர் வழிகிற முகத்தைத் தூக்கி, "ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

மாலை கல்லூரி முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். "பெட்டியை யார் படுக்க வைத்தது?" என்று கேட்டார். "டிரைவர்தான் சார்" என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிரைவருக்கு இனி கல்லூரி லோடு கிடையாது என்று அங்கேயே முடிவாயிற்று.

மறுநாள், அவரை மாற்றியிருந்த கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குப்புறப் படுத்திருந்தார். அவர் மனைவி என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். பிறகு தயங்கி, "அந்தத் தண்ணி அவரு மேல பட்ட மாதிரியே, துணி தொவைக்கறப்ப என் கையில படுமா? அந்தச் சட்டைய வீட்டுக்குக் கொண்டுபோயி வெளிய தூக்கிப் போட்டுட்டேன். புள்ளைங்க வெளையாடுற எடம்" என்றார்.

அவர் வீட்டுக் குழந்தைகள் வரை அது போயிருக்கக்கூடும் என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. சட்டை எங்கே கிடக்கிறது என்று கேட்டு, அந்தம்மாவோடு வீட்டுக்குப் போய், வேலியோரம் கிடந்ததைக் கழியால் எடுத்துப் பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல்வரிடம், பெட்டியைப் படுக்க வைக்கச் சம்மதித்தது நான், உள்ளே இருப்பதை மறைத்ததும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. அவருடைய மருத்துவச் செலவைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது, லோடு கிடையாது என்றதையும் மாற்றிக்கொண்டது.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் கடலூரில் மறுபடி எங்கள் லோடுக்கு வந்தார். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. மூட்டைகளை இடது பக்கமே தூக்கினார். பெட்டிகள் வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதுல என்னா?"

படித்துச் சொன்னேன்.

"இதுல?"

அதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். மூன்றாவது பெட்டிக்கு நைட்ரிக் அமிலம் என்றதும் தலையை ஆட்டினார்.

"இத நான் ஏத்த மாட்டேம்மா."

"சரிண்ணே" என்று அதை நானே ஓரமாக நகர்த்தி வைத்தேன். மற்றவற்றோடு அவர் சிதம்பரம் கிளம்பினார். நான் இன்னொரு வண்டி பேசப் போனேன்.