பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர் தானே எழுந்த காலை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திருவொற்றியூரில் சொந்தமாக டிரெய்லர் லாரிகள் வாங்கி நிறுத்தியவனும் நானே. ஒரு கம்ப்யூட்டருக்கா பயப்படுவேன்?

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பட்டியலை ஏஜென்ட் தினமும் இமெயிலில் அனுப்புவார். விடியற்காலையில் கம்ப்யூட்டரே இன்டர்நெட்டைப் பிடித்து, அதை எடுத்து, பிரிண்டரில் அடித்து வைக்க வழி உண்டு என்று கேள்விப்பட்டேன். அதற்கான நாலைந்து வரிக் கட்டளையைத் தெரிந்தவர் ஒருவர் எழுதித் தந்தார். அது எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று நேரம் வைத்தவன் நான். ஆள் தொடாமல் அது எப்படி எழுந்திருக்கிறது என்று பார்க்கவே பல நாள் இருட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு லாரிகளைப் போலவே கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். மானிட்டரை அணைத்தோம், கீழே இருந்த பெட்டியும் தூங்கிவிட்டது என்றே நினைத்தோம். மறுபூஜை ஆகும்வரை எதையும் எடுத்து வேலை செய்யக்கூடாது. மறுநாள் நல்ல நேரமோ மத்தியானத்துக்கு மேல்தான்.

மறுநாள் விடிகாலையில் வந்தால், பொரித் தட்டுக்குப் பக்கத்தில் பிரிண்டர் கரகரவென்று அடித்துக்கொண்டிருக்கிறது! தாளைப் பார்த்தேன். எங்கள் இறால் கன்டெய்னர் ஏற வேண்டிய கப்பல் முன்னதாகவே வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் வண்டி துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும். இறால் கம்பெனியும் வேறு லாரிக்காரனைப் பார்த்துக்கொள்ளும்.

வண்டியை எடுக்கச் சொன்னால் டிரைவர் அசையவில்லை.

"மறுபூஜை ஆவாம சாவி போட மாட்டேன் நைனா. டயராண்ட வச்ச எலிமிச்சம்பயம் அப்டியே கீது பாரு."

"கம்ப்யூட்டருக்கும்தான் குங்குமம் வச்சோம். அது வேலை செய்யல?"

"அதுக்கு இன்னா, பொண்டாட்டியா, புள்ளையா? சாமி கோச்சிகினா ரோட்ல மாட்டிக்கிறது நானு."

சொல்லிவிட்டு அவரே உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். மானிட்டர் இருட்டாக இருந்தது. தாள் மட்டும் தொங்கியது.

"யார்னா தொட்டாங்களா?"

"சத்தியமா யாரும் தொடலப்பா."

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "அப்போ சரஸ்வதியே எயுப்பிகீறா. மறுபூஜைய அவளே ஆரம்பிச்சிட்டா நைனா! இன்னாத்துக்கு நின்னுகினு கீற? கற்பூரத்த ஏத்து!"

நேரம் வைத்தவன் நானாக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பெருமையை நான் விழுங்கியது வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான்.

மத்தியானத்துக்கு முன்பே துறைமுக கேட் பக்கத்து பூத்திலிருந்து போன் வந்தது.

"உள்ள வுட்டுட்டேன் நைனா. ரோடே காலியா கீது, க்யூவே இல்ல. ஊரே மறுபூஜைக்கு நல்ல நேரம் பாத்துகினு கீது!"