பதினேழாம் புட்டியின் கடற்பஞ்சுகள்

கண்ணாடிப் புட்டியைக் காப்பதைவிடக் கன்றுக்குட்டியைக் காப்பது சுலபம். கன்றுக்குட்டி காணாமல் போனால் எங்கிருந்தாவது கத்தவாவது செய்யும். சாவிக்கும் சாமானுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியை இழந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எட்டாவது வரை படித்த நான், ஒரு கல்லூரியின் விலங்கியல் பிரிவில் அட்டெண்டராக இருந்தேன். ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது, ஆனால் எல்லை எது என்று முடிவாகவில்லை. விஜயபுரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அந்த வருடங்களில் என் பொறுப்பில் நாற்பத்தொரு புட்டிகள் இருந்தன. இரண்டு மாநிலமும் ஒன்றாக இருந்தபோது மெட்ராஸ் கல்லூரி ஒன்று எங்களுக்குப் படிக்க இரவல் கொடுத்தவை. உள்ளே ஸ்பிரிட்டில் கடற்பஞ்சுகள். வெயில் எட்டாத ஆழத்தில், ஐஸ் போலக் குளிர்ந்த நீரில், பவளங்களோடு வாழ்ந்தவற்றைப் பழைய சர்வே கப்பல் ஒன்று வலைபோட்டு எடுத்ததாம். என் வேலையோ தற்காலிகம். புட்டிகளைக் குறையில்லாமல் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கினால்தான் நிரந்தரம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

வாளியின் கைப்பிடி

எங்கள் சாமான் அறை முதலில் சித்தூரில் இருந்தது. மெட்ராஸ் கல்லூரியின் ஸ்டோர் கீப்பர் முருகேசன் தங்கள் சாமான்களைப் பிரித்து எடுத்துப் போக வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், கையில் பட்டியல். புட்டிகளைத் திருப்பித் தர மட்டும் இன்னும் தவணை இருந்ததால் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டார். மற்றவை ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியில் ஒரு தகர வாளி. அதன் கைப்பிடி எப்போதோ ஒடிந்துபோக, துருப்பிடித்த கம்பிதானே என்று நான் குப்பையில் போட்டிருந்தேன்.

அன்று காலை முழுக்கக் குப்பைமேட்டைக் குச்சியால் கிளறினேன். கிடைக்கவில்லை. முருகேசன் பட்டியலில் என் பெயரை எழுதி, எதிரில் 'பொறுப்பின்மை' என்று எழுதினார். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "இன்னாப்பா இது, ஒடைஞ்சா ஒடைஞ்சதைக் காட்டு. ஒடைஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், இல்லாததுக்குத்தான் சொல்லுவேன்."

பாகாலாவில் மூடி திறந்தது

பிறகு புட்டிகளைத் திருப்பதிக்கு மாற்றச் சொன்னார்கள். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம், ஸ்பிரிட் வாடையும் சாராய வாடைதான். வைக்கோல் திணித்த நான்கு பெட்டிகளோடு ரயிலில் ஏறினேன். கல்லூரியின் அனுமதிக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பாகாலா ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் ரயில் ஜன்னலுக்குள் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார். கடிதத்தைக் கொடுத்தேன், படிக்கவில்லை. "தெரு, தெரு," என்றார், தெலுங்கில் திறக்கச் சொல்லி. திறந்தேன். கைக்கு எட்டிய புட்டியை எடுத்து, மூடியைச் சுற்றியிருந்த சிவப்பு அரக்கு முத்திரையைச் சாவியால் உடைத்தார். அரக்குத் துண்டுகள் புட்டிக்குள் விழுந்தன. அது பதினேழாம் நம்பர்.

கார்டு விசில் கொடுத்துவிட்டார். சுற்றிலும் ஜனம் கூடியது. என்னை இறக்கிவிட்டுப் பெட்டிகள் மட்டும் திருப்பதி போய்விட்டால் என்ன ஆகும்? கான்ஸ்டபிள் புட்டியை முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே மரக்கிளை போல ஒரு பவளம், அதன்மேல் திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. முகம் சுளித்து என் கையில் திணித்தார். "ஏமய்யா, நல்ல சரக்கை இந்தக் கருமத்த ஊறவெச்சிக் கெடுத்துக்கினு போறியே, உனக்குப் பாவமே இல்லியா?"

எண்ணினேன், பார்க்கவில்லை

ரயிலில் அரக்குக்கு எங்கே போவது? பதினேழின் வாயில் துணியைக் கட்டினேன். திருப்பதியில் அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன். தினமும் காலையில் நாற்பத்தொன்று என்று எண்ணிச் சிலேட்டில் எழுதினேன். எண்ணிக்கை ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் எண்ணுவது வேறு, பார்ப்பது வேறு என்று கோடை முடியும்போதுதான் தெரிந்தது. பதினேழில் ஒரு சொட்டு ஸ்பிரிட் இல்லை. உள்ளே போட்டிருந்த பெயர்ச் சீட்டில் 'பவளம்' என்ற வார்த்தை தவிர எல்லாம் கரைந்திருந்தது. கிளைமேல் சேறு காய்ந்தது போல மஞ்சளும் சாம்பலும் செம்பழுப்புமாகப் பொருக்கு. மற்றப் புட்டிகளில் பஞ்சு கிண்ணம் போலவோ விரல் போலவோ இருக்கும். இதில் அப்படி ஒன்றுமில்லை, வெறும் அழுக்குத்தான்.

சுத்தமாக்கிப் புது ஸ்பிரிட் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பேனாக்கத்தியால் சுரண்டினேன். சுரண்டியதைக் கொட்டப் போனபோது வாளிக் கைப்பிடி ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது. ஒவ்வொரு திட்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, கிளையைக் காகிதத்தில் வரைந்து, எந்த இடத்தில் எது என்று நம்பர் போட்டேன். பதினொரு பொட்டலம். விரல்களில் கண்ணுக்குத் தெரியாத முள் ஏறி இரண்டு நாள் அரித்தது. பக்கத்துத் தாவரவியல் பிரிவு அட்டெண்டர் கேசவுலு வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "சோறு துன்னக்கூட வராம அழுக்குக்கு நம்பர் போட்டுக்கினு இருக்கியே நைனா, அழுக்கு உன்னக் கேட்டுச்சா?"

பத்தும் ஒன்றும்

அடுத்த வாரம் லெக்சரர் சீதாராமையா சார் வந்தார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். இந்தப் புட்டிகளை வைத்துத்தான் ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருந்தார். "பதினேழை எடுப்பா. பழைய லிஸ்ட்ல அந்த ஒரு கிளையில மட்டும் பதினொரு வகைப் பஞ்சு. உயிருள்ள பவளத்துல இதுங்க அவ்வளவா ஒட்டாது, செத்த கிளைதான் இதுங்களுக்கு ஊரு," என்றார். நான் சுரண்டி வெள்ளையாகிவிட்ட கிளையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். கையை இறக்கவே இல்லை. பொட்டலங்களையும் படத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.

அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் கிள்ளி எடுத்து ஆசிட்டில் கொதிக்கவைத்தார். பஞ்சின் சதை கரைந்து, உள்ளே இருக்கும் கண்ணாடி ஊசிகள் மட்டும் மிஞ்சுமாம். வகைக்கு ஒரு மாதிரி ஊசி. மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து டிக் போட்டார். நான் கதவருகே நின்று எண்ணினேன். எட்டு வரை டிக். ஒன்பதில் நிறுத்தினார். "இதுல ஊசியே இல்ல. இது பஞ்சு இல்லப்பா, அரக்கு." பாகாலாவில் விழுந்தது ஸ்பிரிட்டில் இளகிக் கிளையில் ஒட்டியிருக்கிறது. மீதி இரண்டுக்கும் டிக் விழுந்தது. ஆக மொத்தம் பத்து. ஒரு பஞ்சு எங்கே? சுரண்டிய கிளையைக் கழுவும்போது சாக்கடையில் விட்டேனா? என் உத்தியோகம் அந்தச் சாக்கடையில் போவது கண்ணில் தெரிந்தது.

சார் லென்ஸை எடுத்துக் கிளையைத் திருப்பினார். அதில் குண்டூசி முனை அளவு துளைகள். நுனியைக் கொஞ்சம் ஒடித்தார். உள்ளே, பவளத்தையே குடைந்துகொண்டு, மஞ்சளாக ஒன்று, பதினோராவது பஞ்சு. முதல் தடவையாகச் சிரித்தார். "வாசல்ல குடியிருந்த பத்துப் பேரைத்தான் நீ காலி பண்ணே, வீட்டுக்குள்ள இருந்தவன் உன் கத்திக்குப் பயப்படல."

ரசீது

திருத்தணி மெட்ராஸ் பக்கம், சத்தியவேடு ஆந்திரா பக்கம் என்று ஒருவழியாக எல்லை முடிவானது. எங்கள் ஊரும் ஆந்திராவிலேயே நின்றது. அடுத்து முருகேசன் அதே பென்சிலோடு வந்து இறங்கினார். நாற்பது புட்டி சரி. பதினேழுக்குப் பக்கத்தில், பத்துப் பஞ்சையும் சார் போட்டுக் கொடுத்த பத்துக் கண்ணாடிக் குழாய்கள். முருகேசன் பட்டியலை மூடினார். "கொடுத்தது நாப்பத்தொண்ணு. அம்பத்தொண்ணு எப்படி வாங்குவேன்? கொறைஞ்சா ஒரு கேள்வி, கூட வந்தா எங்க ஆபீஸ்ல நூறு கேள்வி."

சார் வகுப்பில் இருந்தார். நான் பத்துக் குழாய்களையும் பருத்திப் பஞ்சில் சுற்றிப் பதினேழாம் புட்டிக்குள், கிளையைச் சுற்றி இறக்கினேன். முருகேசன் எண்ணினார். நாற்பத்தொன்று. பேனாவைத் திறந்தவர் மறுபடியும் நிறுத்தினார். "எல்லாத்துக்கும் அரக்கு முத்திரை இருக்கு. இதுல துணி. முத்திரை எங்க?" என் காதில் வாளிக் கைப்பிடி கிணுகிணுத்தது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்பதாம் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "ஒடைஞ்சது," என்றேன். அவர் பிரித்தார், சிவப்புப் பொடியை விரலால் தொட்டார், பட்டியலின் ஓரத்தில் 'அரக்கு, உடைந்தது, ஒரு பொட்டலம்' என்று எழுதி, ரசீதில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானே சித்தூர்ல அந்தக் கைப்பிடியைத் தொலைச்சவன்? பரவால்ல, தேறிட்டே."

ஆழ்கடலின் குளிரில் எத்தனை வகைக் கடற்பஞ்சு வாழ்கிறது என்று என்னை யாரும் கேட்காதீர்கள். என்னை நிரந்தரமாக்கியது பஞ்சே இல்லாத அந்த ஒன்பதாம் பொட்டலம்தான்.