கடைசிப் பன்னிரண்டு நிமிடம்

என் மகளுக்கு அந்தப் படத்தைக் காட்ட நான் நாள் குறித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காரணம் இருந்தது. புனேயில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் சண்டை வரும், சண்டையில் அவள்தான் ஜெயிப்பாள். என் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. எனக்குப் பதிலாகப் படம் பேசட்டும் என்று நினைத்தேன்.

ஒரு நாவலை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மலையடிவாரத்தில் ஒரு ஊர். மனைவியை இழந்த தகப்பன், ஒரே மகள். மகளுக்குப் பட்டணத்தில் வேலை கிடைக்கிறது. தகப்பனிடம் சொல்லப் பயந்துகொண்டு, ஒரு விடியற்காலையில் தகரப் பெட்டியோடு பஸ் ஏறிவிடுகிறாள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் நிறுத்தச் சொல்லி இறங்குகிறாள். பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த நடையைப் பார்த்து நான் அழாத தடவை இல்லை.

சின்ன வயதில் நாங்கள் கம்பம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப்பில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு மின் நிலையத்தில் வேலை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிப்ட். அதனால் கம்பத்துக்குப் போய் மத்தியானக் காட்சிதான் பார்ப்போம். எங்கள் பஸ் ஐந்தேகாலுக்கு வந்து தியேட்டர் வாசலில் நிற்கும். கண்டக்டர் ஒரு விசில் கொடுப்பார். உள்ளே கதாநாயகன் தூக்குமேடையில் நின்றாலும் சரி, லோயர் கேம்ப் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் அப்பாவுக்கு ஷிப்ட் போய்விடும். எங்களுக்கு எந்தப் படத்துக்கும் முடிவு கிடையாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கம்பத்துப் பிள்ளைகளைக் கெஞ்சி முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவர்களும் லேசில் சொல்ல மாட்டார்கள், ஒரு கொய்யாக்காயாவது கொடுக்க வேண்டும்.

இந்தப் படத்துக்கு மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பெண் பெட்டியோடு வீட்டைப் பார்த்து நடக்கும்போது விசில் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கையைப் பிடித்து இழுத்தார். "வா ஆத்தா. அவ்வளவுதே. இனி திரையில வணக்கந்தே போடுவாக." அந்தப் படம் திரும்பத் திரும்ப வந்து நான்கு தடவை பார்த்தோம். நான்கு தடவையும் அதே இடத்தில்தான் எழுந்தோம். பிற்பாடு டிவியில் போட்டபோதும் சரியாக அந்த இடத்தில் விளம்பரம் வந்தது, நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். நாவலையும் படிக்கவில்லை. தெரிந்த கதையை எதற்கு இன்னொரு தடவை படிப்பது என்று ஒரு திமிர்.

படம் எனக்கு வெறும் படம் இல்லை. பத்தொன்பது வயதில் எனக்குக் கோயம்புத்தூரில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பொம்பளப் பிள்ளைக்கு அம்புட்டுத் தூரம் எதுக்கு?" சின்னமனூரில் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி, பையில் நான்கு செட் துணியை அமுக்கிக்கொண்டு, கோயம்புத்தூர் பஸ் பிடிக்கத் தேனிக்கு டிக்கெட் எடுத்தேன். வழியில் சின்னமனூர் வந்தது. அந்தப் பெண் நடந்த நடை ஞாபகம் வந்தது. இறங்கி, அத்தை வீட்டுக்கே போய், அவர்கள் வைத்த மொச்சைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் திரும்பி வந்துவிட்டேன். நான் ஓடப் பார்த்தது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. இங்கே உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. தகப்பனுக்காகத் திரும்பி வந்த மகள் என்று எனக்கு நானே ஒரு மாலையைப் போட்டுக்கொண்டேன். முப்பது வருஷமாக அது கழுத்தில்தான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில் வீட்டுக்காரர் உள்ளறையில் படுத்துவிட்டார். மகள் படத்தை டிவியில் போட்டாள். எனக்கு உட்கார முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுகிறது என்று எழுந்து சாத்தினேன். புழுக்கம் என்று திரும்பத் திறந்தேன். பாலை எடுத்து பிரிட்ஜில் வைத்தேனா என்று போய்ப் பார்த்தேன், வைத்துத்தான் இருந்தேன். அவள் போன் ஒரு தடவை மினுங்கினால்கூட எட்டிப் பார்த்தேன். தகப்பன் கஞ்சி காய்ச்சத் தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்ளும் இடத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "இந்த எடத்த நல்லாப் பாரு," என்றேன்.

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன். நீ மொதல்ல ஒரு எடத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். அவளும் படத்தைவிட என்னைத்தான் அதிகம் பார்க்கிறாளோ என்று ஒரு சந்தேகம் வந்தது. நான் திரும்பும்போதெல்லாம் அவள் கண் என் பக்கம் இருந்தது.

திரையில் பஸ் வந்தது. ஊர் எல்லை வந்தது. அவள் இறங்கினாள், பெட்டியைத் தூக்கினாள், நடந்தாள். வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்போது சொன்னால் சரியாக இருக்கும் என்று தோன்றியது. ரிமோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அவ்வளவுதான். இனி வணக்கந்தான்."

மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உக்காரும்மா. இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்கு."

திரையின் அடியில் ஓடுகிற கோட்டைக் காட்டினாள். கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அந்தப் பெண் வீட்டுக்கு வருகிறாள். பெட்டியை வாசலிலேயே வைக்கிறாள். உள்ளே போய்த் தகப்பனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, நான் போகிறேன் என்று சொல்கிறாள். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். வாசலுக்கு வந்து பெட்டியைத் தூக்கி அவள் தலையில் வைக்கிறார். அவள் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போகிறாள். அதற்கப்புறம்தான் வணக்கம் போட்டார்கள்.

"இது கடைசியில எவனோ ஒட்டுப் போட்ட படம்," என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நாவல்லயும் இப்பிடித்தாம்மா. மதுரையில படிக்கிறப்பவே காலேஜ் லைப்ரரியில எடுத்துப் படிச்சிட்டேன். நீ ஆசையா வேற முடிவு சொல்லுவியா, கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்." அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "நான் வெள்ளிக்கிழமையே வர்றேன்னு மெயில் அனுப்பிட்டேன்," என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்ப எதுக்குடி இம்புட்டு நேரம் உக்காந்து பாத்த? என்னையக் கிறுக்கி ஆக்கவா?"

"அந்தப் பொண்ணு அப்பாகிட்டச் சொல்ற எடம் வரட்டும்னுதான். எனக்குச் சொல்ல வாய் வரலம்மா."

உள்ளறையிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "படம் முடிஞ்சிருச்சா? காப்பி போடுறது?"

"முடியல. படுங்க," என்றேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். அழ வேண்டியவள் நான்தான் என்று கோபம் வந்தது, ஆனால் அழுகை வரவில்லை. அவள் போகப்போகிறாள் என்பதைவிட வேறு ஒன்று என்னைக் குடைந்தது. அந்தப் பெண் திரும்பி வந்தது சொல்லிவிட்டுப் போக. நான் திரும்பி வந்தது பயந்துபோய். கோயம்புத்தூர் என்றால் பயம், அப்பா என்றால் பயம், தேனியில் வேறு பஸ் மாற வேண்டும் என்பதுகூடப் பயம். அந்தப் பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்ள எனக்கு ஒரு படம் கிடைத்தது. அதையும் முழுசாகப் பார்க்கவில்லை. இப்போது அரைகுறையாகப் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு இவளையும் பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தேன்.

சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை, பையில் நான்கு செட் துணி இருந்ததிலிருந்து மொச்சைக் குழம்பு வரைக்கும் மகளிடம் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அதுக்கப்புறம் பஸ்ஸே இல்லையாம்மா?"

"ஏன் இல்ல? எறங்குன ஒடனே அத்தை வீட்டுக்குப் போகல. ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேன். தேனி பஸ் மூணு போச்சு. மூணாவதுல ஜன்னலோரத்து சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு."

அவள் என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக் கீழே வைத்தாள். நான் எழுந்து காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். அவள் பின்னாலேயே வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"என்னைக்குக் கெளம்பணும்?" என்றேன்.

"அடுத்த மாசம் மொத வாரம். தேனியில ரயிலேறி மெட்ராஸ் போயி, அங்கன வண்டி மாறணும்."

பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டுதான் சொன்னேன். "ஒங்கப்பா பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டுக் கார்ல வரட்டும். நீயும் நானும் பஸ்ல போவோம். தேனி வரைக்கும் நான் வர்றேன். சின்னமனூர்ல எறங்க மாட்டேன்."