ஜெஞ்சாரோம் கோழியும் அண்ணியின் ரசமும்

இன்று மத்தியானம் கிள்ளானில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. என் தட்டில் வைத்த அவித்த முட்டையை அண்ணி திரும்ப எடுத்துக்கொண்டார்.

"உனக்கு இது ஆகாதுலா. ஜெஞ்சாரோம் ஃபார்ம் முட்டை. அங்க கோழிக்கு கோதுமைத் தவிடு போடுறாங்க."

எனக்கு செலியாக். கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகிவிடும். ஆறு மாதமாக ரொட்டி சானாய் கடைப் பக்கமே நான் போவதில்லை. அது போதாதென்று, கோழி தின்பதற்கும் நான்தான் பத்தியம் இருக்க வேண்டுமாம்.

"அண்ணி, தவிட்டைத் தின்னது கோழி. அது கோழி வயித்துலயே செரிச்சிடும், முட்டைக்கு வராது. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் சாப்பிடுறேன்."

"டாக்டருக்கு என்ன தெரியும்? எதுக்கு ரிஸ்க்? ரசம் ஊத்திக்கோ. வயித்துக்கு நல்லதுன்னு உனக்காகவே பெருங்காயம் தூக்கலா போட்டிருக்கேன்."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். பெருங்காய டப்பாவை எடுத்து வந்து, அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பெருங்காயத்தோடு சேர்த்திருப்பது கோதுமை மாவு.

அண்ணன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். முட்டையை நானே எடுத்துக்கொண்டேன். இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன்.

இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் ஒரே லைன் என்பதால், வீட்டில் யாரும் போன் பேசாத நேரம் பார்த்து, நம் மின்னஞ்சல் குழுவுக்கு இதை எழுதுகிறேன். கோழியின் சாப்பாட்டைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது உங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.