தேன் கலந்த மியூஸ்லி

என் மாமியாரின் இரண்டு கால்விரல்கள் போனதற்குக் காரணம் நான்தான். அவர் மீது விழுந்த திருட்டுப் பட்டத்துக்கும் நான்தான் காரணம்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். முழுவதையும் கேளுங்கள். உங்கள் மன்னிப்பை வேண்டி நான் இதை எழுதவில்லை!

அவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். காலையில் இட்லி வேண்டாம், சர்க்கரை சேர்க்காத மியூஸ்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுங்கள் என்றார் திண்டுக்கல் டாக்டர். ஓட்ஸ், பாதாம், பூசணி விதை... சத்தானதாம். என் கணவர் வாங்கி வந்தார். நான் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்தேன்.

முதல் நாளே மாமியார் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். "ஏண்டி, கோழிக்குப் போடுற தீவனத்தை எனக்குப் போடுறியா? உங்காத்தா வீட்ல இதத்தேன் தின்னு வளந்தியா?"

நான் எதைச் சமைத்தாலும் இதே ஏச்சுதான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது என் கைப்பக்குவத்தை மெச்சியிருப்பாரா? எனக்கு அவரைப் பிடிக்காது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை நிலக்கோட்டைக் கடையில் நானே வாங்கினேன். அதே அலமாரியில் தேன் கலந்த மியூஸ்லி இருந்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகள் வேறு. பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தேன்... இரண்டு முறை படித்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. வீட்டுக்கு வந்து அதே ஜாடியில் கொட்டினேன். பாக்கெட்டைக் குப்பையோடு எரித்தேன்.

மறுநாள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். "இப்பத்தேன் உனக்குக் கைப்பக்குவம் வந்துருக்கு. இன்னுங் கொஞ்சம் போடு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவா? ஆம், அதற்காகத்தான்! பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம்கூட என்னைப் புகழ்ந்தாராம். பாலில் ஊறவைப்பதில் என்ன பெரிய பக்குவம் இருக்கிறது? ஆனாலும் எனக்கு உச்சி குளிர்ந்தது. எட்டு மாதம் அந்த ஜாடியை நான் காலியாக விடவில்லை.

எங்கள் மல்லிகைத் தோட்டத்துக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்க மாட்டோம். பூ எடுக்கப் போன மாமியாரின் காலில் முள் தைத்தது. மரத்துப்போன கால்... அவருக்கே தெரியவில்லை. புண் ஆறவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், இனிப்பு சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

என் கணவர் பெற்ற தாயின் மீதே பாய்ந்தார். "மாத்திரையும் மியூஸ்லியும் குடுத்தும் இம்புட்டு ஏறுமா? எங்க ஒளிச்சு வச்சுத் தின்ன, அம்மா?"

"பூக்காட்டு மேல சத்தியமா நான் ஒண்ணும் திங்கலப்பு... ஏத்தா, நீயாச்சும் சொல்லேன்!"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? அடுத்த வீட்டுக் கதையில் எல்லாரும் யோக்கியர்தான்!

அவருடைய தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார் என் கணவர். ஒரு கற்கண்டுகூட அகப்படவில்லை. தின்று தீர்த்திருப்பார் என்று முடிவு கட்டினார். அந்த வாரமே விரல்களை எடுத்தார்கள். சமையலறைக்குப் பூட்டு வந்தது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

இப்போது ஜாடியில் சர்க்கரை சேர்க்காத மியூஸ்லிதான். ருசி ஏன் மாறியது என்று அவர் இதுவரை கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டுதான் கிண்ணத்தை நீட்டுகிறேன்.

இன்று காலை பாதிக் கிண்ணத்தில் நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நாந்தேன் நெனவில்லாம எதையோ எடுத்துத் தின்னுருப்பேன் போல. நீ நல்லதத்தானத்தா குடுத்த..."

"இருக்கும் அத்தை" என்று சொல்லிவிட்டு, சமையலறையைப் பூட்டினேன்.