மத்தளம் வாசலில் நின்ற வருஷம்

எங்கள் மலைக்கு வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், காரின் கண்ணாடியை இறக்கிவிடுவது. கோலாலம்பூரிலிருந்து வரும் தோழி ஒருத்தி வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி மூச்சை இழுப்பாள். இங்கேயே பிறந்த நாங்கள் அதற்கு நேர்மாறு. ஜன்னல் என்பதே சாத்துவதற்குத்தான் என்று நினைக்கிறவர்கள். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், ஜன்னலுக்கு மேலே காற்று வர விட்டிருக்கும் துவாரங்களில் பழைய ஸ்வெட்டரையும் கிழிந்த சாக்கையும் திணித்து வைத்திருப்பார்கள். மழை பெய்தால் குளிர், மழை விட்டால் இன்னும் குளிர். நான் வளர்ந்த வீட்டிலும் அந்தத் துவாரங்கள் அடைத்துதான் இருந்தன.

இப்போது நான் மலை மேலேயே பிரிஞ்சாங் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அண்ணன் லைனை விட்டு வரவில்லை. தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறார், அண்ணி கொழுந்து எடுக்கிறார். ஒரு காலத்தில் அந்த வரிசை முழுக்கத் தமிழர்கள். இன்று பாதி வீடுகளில் நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த ஆண்கள். எங்கள் குடும்பம் நெருக்கியடித்துப் படுத்த அதே அளவு வீட்டில் அவர்கள் எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். இரவு ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர் எழுந்த பாயில் பகல் வேலை முடித்தவர் படுப்பார். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நமக்குக் கீழே ஓர் ஆள் கிடைத்துவிட்டால் வருகிற மிடுக்கு இருக்கிறதே, அது எந்தத் துரைக்கும் வராது.

அண்ணனின் லோரியில் மூட்டை ஏற்றுகிறவர் பக்கத்து வீட்டு நேப்பாளி. ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் தமிழையும் மலாயையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்கிப் பேசுவார். காலை முதல் சாயங்காலம் வரை இருவரும் லோரியின் முன்பக்கத்தில் ஒன்றாகத்தான் போவார்கள், வழக்கம்போல் கண்ணாடியை ஏற்றிவிட்டு. அவரிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த மத்தளம் ஒன்று உண்டு. கழுத்தில் மாட்டிக்கொண்டு அடிப்பது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு அவரைக் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இழுத்து வந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை, ஏனென்றால் அவர் வந்த பிறகுதான் எங்கள் பாட்டுக்குத் தாளம் என்று ஒன்று வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு சில சாயங்காலங்கள் சபை வேனில் லைன் லைனாகப் போய் வீட்டுக்கு வீடு பாடுவது எங்கள் வழக்கம். வாசலில் நின்று பாடிவிட்டு வருவது மரியாதை இல்லை. உள்ளே போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஹாலில் தோளோடு தோள் இடித்து நின்று மூன்று பாட்டு பாடி, ஜெபம் செய்து, தேத்தண்ணியும் அச்சுமுறுக்கும் முடித்த பிறகுதான் அடுத்த வீடு. இந்து வீடுகளிலும் கூப்பிடுவார்கள். மத்தளக்காரர் வந்ததிலிருந்து நேப்பாளிகள் வீட்டுக்குள்ளும் போனோம். அங்கே சூடாகப் பால் கொடுப்பார்கள்.

அந்த டிசம்பரில் அண்ணன் இருமிக்கொண்டிருந்தார். மத்தளக்காரரும் இருமிக்கொண்டிருந்தார். அண்ணனின் இருமலுக்குக் குளிர் இருமல் என்று பெயர் வைத்து, சபைப் பெண்கள் ஆளுக்கொரு இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்தார்கள். மத்தளக்காரரின் இருமலுக்கு வேறு பெயர். பத்துப் பேர் அடைந்து கிடக்கிற வீடு, என்ன நோயோ என்று காதும் காதும் வைத்த மாதிரி பேசிக்கொண்டார்கள். பள்ளி வேலையால் முதல் சாயங்காலம் என்னால் போக முடியவில்லை. இரண்டாம் நாள் போனபோது ஏற்பாடு முடிந்திருந்தது. அந்த வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் வீடுகளுக்குப் போவதில்லை. மத்தளக்காரர் வரலாம், ஆனால் வேனில் ஏறக்கூடாது, வீட்டுக்குள் வரக்கூடாது. வாசலில் நின்று அடித்தால் போதும்.

நான் அண்ணனைத் தனியாக இழுத்துக் கேட்டேன். எல்லாரும் சொல்கிறார்கள், என்ன செய்வது, பிள்ளைகள் இருக்கிற வீடுகள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மத்தளக்காரர் சிரித்தபடி தூறலில் நின்று வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போட மனமில்லை. வேன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனோம், அவர் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். வீட்டுக்கு வீடு சாத்திய கதவுக்குள் அண்ணன் தலையை நிமிர்த்தி, நெஞ்சு முழுக்கக் காற்றை நிரப்பிப் பாடினார். அவருடைய குரல் அப்படிப்பட்டது, ஜன்னல் கண்ணாடி அதிரும். பாட்டுக்கு நடுவே இருமினால் யாராவது தண்ணீர் கொடுத்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மத்தளம் கேட்டுக்கொண்டிருந்தது.

புது வருஷம் பிறந்து பள்ளி திறப்பதற்குள் அண்ணன் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. காசநோய். கிளினிக்கில் எக்ஸ்ரே படத்தை விளக்குவெளிச்சத்தில் வைத்து டாக்டர் காட்டியபோது நானும் இருந்தேன். இது புதிதாக வந்தது போலத் தெரியவில்லை, பல மாதமாக உள்ளே இருந்திருக்கும் என்றார். அண்ணிக்கு அது காதில் விழவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்களிடமிருந்துதான் வந்தது என்றே சொல்லிக்கொண்டு வந்தார். பயம்தான் காரணம். வெளியே தெரிந்தால் நம் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்று அழுதார்.

அண்ணனுக்கு ஆறு மாத மருந்து. தினமும் காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப் போக அவர் மகன் இருந்தான், நர்ஸ் மிஸ்ஸி முன்னால் விழுங்க வேண்டும். மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து முதல் நாள் பயந்து எனக்கு ஃபோன் செய்தார். சம்பளத்தோடு லீவு கிடைத்தது. சபையில் ஜெபித்தார்கள். நான் வாரக் கடைசியில் முட்டையும் பாலும் வாங்கிப் போவேன். எங்கள் எல்லாரையும் சோதித்தார்கள், பாடப் போன வீடுகளையும் சோதித்தார்கள். ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண் பிள்ளை ஒன்றுக்கு மருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது. அன்று அண்ணன் சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு நேப்பாளிகளைச் சோதிக்க வந்தபோது மட்டும் வீடு பூட்டியிருந்தது. எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. போகாமல் என்ன செய்வார்கள். வேலைப் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் மருத்துவச் சோதனையில் நெஞ்சில் ஏதாவது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மத்தளக்காரர் இளைத்துக்கொண்டே போனார். புது டிரைவர் அண்ணனிடம் வந்து, மூட்டையைத் தூக்க அவர் திணறுகிறார் என்றார். இப்படியே விட்டால் செத்துப்போவான் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம். தண்ணீர்க் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகமூடியோடு தள்ளி நின்றே பேசினார். மருந்து இலவசம், குணமாகிவிடும், நானே கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன் என்றெல்லாம் சொன்னார். அவர் சட்டையைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, நீ மருந்து சாப்டா நீ உன் வீட்ல இருக்கும். நான் மருந்து சாப்டா நான் எங்க இருக்கும்?"

வகுப்பில் பிள்ளைகளின் எந்தக் கேள்விக்கும் எதையாவது சொல்லிச் சமாளிக்கிறவள் நான். அந்தக் கேள்வியை அப்படியே வீட்டுக்குச் சுமந்து வந்தேன்.

மறுநாள் அண்ணன் கோட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்து மேனேஜர் துரையைப் பார்க்கப் போனார். அண்ணி தடுத்தும் கேட்கவில்லை. துணைக்கு நான் போனேன். ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வர மறுத்து, அண்ணன் சொன்னார்: "அவன்கிட்டேருந்து எனக்கு வரல தொரை. எனக்குத்தான் முன்னாடியே இருந்திருக்கு, டாக்டரே சொல்லிட்டாரு. ஒரே லோரியில என் பக்கத்துல ஒக்காந்ததுதான் அவன் செஞ்ச தப்பு. இங்கயே வச்சு மருந்து குடுங்க."

துரை கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகக் கேட்டார், சோதனைக்கு அனுப்புகிறேன், முடிந்ததைச் செய்கிறேன் என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் மத்தளக்காரர் சோதனைக்குப் போனார். அவருக்கும் அதே நோய். கிளினிக்கில் ஒரு குறையும் வைக்கவில்லை, அன்றே மருந்தை ஆரம்பித்தார்கள். சில வாரம் அண்ணனும் அவரும் கிளினிக் பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே நிற மாத்திரைகளை விழுங்கினார்கள். பிறகு பெர்மிட் முடியும் நாள் வந்தது. துரை யார் யாருக்கோ ஃபோன் செய்தார், எழுதினார். விதி என் கையில் இல்லை என்றார் கடைசியில். அது உண்மையாகத்தான் இருக்கும். யார் கையில் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மிஸ்ஸி ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தனுப்பினார். மத்தளத்தை அவர் அண்ணனிடமே விட்டுப் போனார். பெட்டியில் இடமில்லை, திரும்பி வருவேனே என்றார். அவர் ஊரிலிருந்து சுகாதார நிலையத்துக்குப் போக அரைநாள் நடக்க வேண்டும் என்று பிறகு ஒரு செய்தி வந்தது. மாத்திரைகளைக் கையில் வைத்து எடுத்த படம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு அழைத்தால் மணி அடிக்கவில்லை.

அண்ணன் குணமானார். சபையில் நன்றி சொல்ல எழுந்தபோது, பாட்டோடு சேர்த்து நோயையும் உங்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்தது நான்தான், வாசலில் நிறுத்திவைத்தவர் அல்ல என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தச் சின்னப் பெண்ணின் அம்மாதான் முதலில் அழுதார்.

அடுத்த டிசம்பரில் வேன் கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் போனோம். குளிரில் பல் கிடுகிடுத்தது, பின்சீட்டில் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். மத்தளக்காரர் இருந்த பக்கத்து வீட்டுக்கு இந்த வருஷம் போகவேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். மத்தளத்தையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார், அடிக்கத் தெரியாவிட்டாலும். கதவைத் தட்டினோம். வயதில் மூத்த ஒருவர் பாதிக் கதவு திறந்து எங்களைப் பார்த்தார், மத்தளத்தைப் பார்த்தார். அவனிடமிருந்து ஏதாவது சேதி உண்டா என்று அண்ணன் கேட்டார். அவர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு எங்களுக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்:

"உள்ள வராதீங்க. வெளிய நின்னு பாடுங்க. எங்களுக்கு நோவு வந்தா ஊருக்கு அனுப்பிருவான்."

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலுக்குப் பின்னால் முகங்கள் வந்து நின்றன. உள்ளே கூப்பிடாமல் நிறுத்திவிட்டார்களே என்று அண்ணி முணுமுணுத்தார்.

"போன வருஷம் எல்லா வீட்டுலயும் அவன் நின்ன எடம் இதான்," என்றார் அண்ணன். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, மழைத் தூறலில் நின்றபடி பாட ஆரம்பித்தார்.